கடலிலும் ரோடு உண்டு

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கப்பல் குறிப்புகளைப் புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறி நிற்கும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கப்பல் மாதக்கணக்கில் கடலில் அலைந்து, கடைசியில் 'மதராஸ் ரோட்ஸ்' வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கும். ரோட்டுக்குக் கப்பல் எப்படி வரும்? எழுதியவர் கை தவறி எழுதவில்லை. மவுண்ட் ரோட்டையோ பூந்தமல்லி நெடுஞ்சாலையையோ அவர் நினைக்கவும் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே, கரையிலிருந்து தள்ளி, கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சிக் காத்துக் கிடந்த திறந்த கடற்பரப்புக்கு அதுதான் பெயர்.

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்லைத்தான். 'ரோடு' என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாதவர்களும் நாள்தோறும் பலமுறை சொல்லும் சொல். சொன்னதும் ஜல்லி, தார், வெள்ளைக் கோடு, இருபுறமும் கடை என்று தரையில் கிடக்கும் ஒரு பொருள் கண்முன் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் பிந்தி வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ரோடு என்பது ஒரு செயலின் பெயராக இருந்தது. அந்தப் பழைய பொருள்கள் இன்னும் வழக்கொழியவில்லை. துறைமுகத்திலும் ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலும் எஞ்சின் ஓட்டுநரின் பேச்சிலும் அவை புழங்குகின்றன. பள்ளி அகராதிகள் இவற்றுக்கு இடம் தருவதில்லை. பழைய ஆவணங்களைத் தமிழில் கொண்டுவர உட்காருகிறவர்களுக்கு அந்தக் குறை முதல் நாளே தெரிந்துவிடும்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ராட்'. குதிரையேறிச் செல்வதைக் குறிக்கும் 'ரைடு' என்ற வினையோடு பிறந்த பெயர்ச்சொல் இது. ஓடு என்பதிலிருந்து ஓட்டம் வருவதுபோல, 'ரைடு' பக்கத்தில் 'ராட்'. எனவே ராட் என்றால் சவாரி, குதிரைப் பயணம். மனிதர் நடந்து நடந்து தேய்ந்த தடத்துக்கு அந்நாளைய ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருந்தன: வே, பாத், ஸ்ட்ரீட். இவற்றில் ஸ்ட்ரீட் மட்டும் ரோமானியர் தந்தது. கல் பாவிய பாதையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பழைய ஆங்கிலக் காப்பியமான பியோவுல்பில் கடலைத் 'திமிங்கிலத்தின் ராட்' என்று சொல்லும் கூட்டுச்சொல் ஒன்று வருகிறது. இதைத் திமிங்கிலச் சாலை என்று பெயர்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கவிஞரின் காதில் சாலை விழுந்திருக்காது, திமிங்கிலம் சவாரி செய்யும் வெளி என்றே விழுந்திருக்கும்.

பிறகு ஆங்கில உயிரொலிகள் இடத்துக்கு இடம் மாறின. தென் இங்கிலாந்தில் 'ஆ' ஒலி 'ஓ' ஆயிற்று. கல்லைக் குறித்த 'ஸ்டான்' அங்கே 'ஸ்டோன்' ஆனது, வீட்டைக் குறித்த 'ஹாம்' 'ஹோம்' ஆனது, 'ராட்' 'ரோட்' ஆனது. வடக்கே ஸ்காட்லாந்தில் இந்த மாற்றம் நிகழவில்லை. அங்கே அந்த உயிர் வேறு பக்கம் திரும்ப, 'ராட்' 'ரெய்ட்' என்று நின்றது. குதிரைமேல் கூட்டமாகப் போய் அடுத்த ஊரின் மாட்டையும் மனிதரையும் கவர்ந்து வருவது இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் பல தலைமுறைக்கு நடந்த தொழில். அந்தச் சவாரிக்குப் பெயர் ரெய்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட் தம் கவிதைகளிலும் நாவல்களிலும் இந்தச் சொல்லைக் கையாள, அது பொது ஆங்கிலத்துக்குள் மறுபடி வந்தது. இன்று வருமான வரித் துறை ரெய்டு என்று தமிழ்ச் செய்தித்தாள் தலைப்பிடும்போது அச்சில் ஏறுவது ரோட்டின் உடன்பிறப்பு.

தெற்கிலும் 'ரோடு' நெடுங்காலம் கொள்ளைச் சவாரியைக் குறித்தது. இதற்கு ஒரு சான்று யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்தில், சாமுவேலின் முதலாம் புத்தகம் 27-ஆம் அதிகாரத்தில், பெலிஸ்திய அரசன் ஆகீஸ் தாவீதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான். இன்று எந்தப் பக்கம் போய்க் கொள்ளையிட்டு வந்தாய் என்பது கேள்வியின் கருத்து. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல் 'ரோடு'. இன்றைய பொருளோடு படித்தால், எங்கே சாலை போட்டாய் என்று அரசன் விசாரிப்பதுபோல் ஆகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் அந்த வேதாகமத்தைத் திருத்தியவர்கள் இதை உணர்ந்து அங்கே 'ரெய்டு' என்று மாற்றினார்கள். முந்நூறு ஆண்டுக்குள் ஒரு சொல் எவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பழைய பொருளின் எச்சம் இன்றைய ஆங்கிலத்தில் 'இன்ரோட்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்சி புதிய மாநிலத்தில் 'இன்ரோட்ஸ்' செய்கிறது என்று எழுதும் நிருபர், அறியாமலே எல்லை தாண்டிய குதிரைப் படையைக் குறிப்பிடுகிறார்.

இனிக் கடலுக்குத் திரும்பலாம். நங்கூரமிட்ட கப்பல் ஓரிடத்தில் நின்றாலும் அசையாமல் நிற்பதில்லை. அலை ஏற ஏறி, இறங்க இறங்குகிறது. ஆங்கிலேய மாலுமிகள் இதையும் 'ரைடு' என்றே சொன்னார்கள். கப்பல் சவாரி செய்தபடி நிற்கும் இடம் ரோடு ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் முதற்காட்சியிலேயே, கடல் வணிகரின் கவலையைச் சொல்லும் பேச்சில் துறைமுகங்களோடும் கப்பல்துறை மேடைகளோடும் ரோடுகளும் சேர்ந்து வருகின்றன. அந்த ரோடுகள் அத்தனையும் தண்ணீர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹாம்டன் ரோட்ஸ் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ நெடுஞ்சாலைச் சந்திப்பு என்று தோன்றும். அது ஆறுகள் வந்து கலக்கும் அகன்ற நீர்ப்பரப்பு. 1862 மார்ச் மாதம் இரும்புக் கவசமிட்ட இரண்டு போர்க்கப்பல்கள் வரலாற்றில் முதன்முறையாக நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடமும் அதுவே.

மதராஸ் ரோட்ஸ் ஹாம்டனைப் போல ஒதுக்கமான இடமன்று. சோழமண்டலக் கரையில் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. மலையோ தீவோ மறைக்காத வெட்டவெளிக் கடல். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கப்பல் தலைவர்கள் அங்கே நிற்க அஞ்சினார்கள். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபரில் அடித்த ஒரே புயலில் கோட்டைக்கு எதிரே நின்ற தன் கப்பற்படையின் வலிமையை இழந்தார். நகரத்தை வென்றவரை ரோடு வென்றது.

அமைதியான நாளிலும் கப்பலிலிருந்து கரைக்கு வருவது எளிதாக இருக்கவில்லை. கரையை ஒட்டி அலை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்துகொண்டே இருக்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த ஆணியடித்த படகுகள் அந்த அடியில் பிளந்தன. மசூலா படகு பிளக்காது. அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதும்போது தையல் கொடுக்கும், பலகை நெளியும், படகு பிழைக்கும். துடுப்புக்காரர்கள் பாட்டுக்கு ஏற்பத் துடுப்புப் போட்டு, பெரிய அலை ஒன்று தூக்கும் தருணம் பார்த்து அதன் முதுகிலேயே கரையில் ஏற்றுவார்கள். பிறகு குதித்துப் படகைப் பிடித்து, அடுத்த அலை வந்து இழுப்பதற்குள் பயணிகளைத் தோளில் சுமந்து மணலில் இறக்குவார்கள். கடல் கொந்தளித்து மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர், கடிதத்தைத் தலையிலுள்ள ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்ந்து கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பார். அந்தக் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குள் 'கேட்டமரான்' என்று போயிருக்கிறது. ஆங்கிலம் சென்னைக்கு ஒரு ரோட்டைத் தந்தது, சென்னை ஆங்கிலத்துக்கு ஒரு படகைத் தந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது தரையில் அல்ல, அலை உடையும் அந்தச் சிறு இடைவெளியில்.

1861-இல் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீண்டது. அதன்பின் எழுந்த துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. திரும்பக் கட்டினார்கள். கப்பல்கள் மெல்ல மெல்லச் சுவருக்குள் வந்தன. தூத்துக்குடியில் இன்னும் நீண்டகாலம் பழைய நிலைமை நீடித்தது. கரையோரக் கடல் ஆழமற்றது என்பதால் பெருங்கப்பல்கள் சில மைல் தொலைவில் ரோட்டில் நின்றன, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1970-களில் புதிய துறைமுகம் வரும்வரை இதுவே நடைமுறை. தோணித் தொழிலின் வரலாற்றை எழுத வருகிறவர் ஆங்கில ஆவணத்தில் 'ரோட்ஸ்' என்று கண்டால், சாலை என்று எழுதிவிடக் கூடாது. நங்கூரத் தலம் என்பது பொருந்தும்.

தரையில் இந்தச் சொல் எப்போது படுத்தது? 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பாதை என்ற பொருளில் அது எழுத்தில் பரவலாகத் தென்படுகிறது. இதற்கு லண்டன் நகரமே சாட்சி. ரோமானியர் காலம் முதல் இருந்துவரும் அதன் பழைய மையப்பகுதி ஒரு சதுர மைல் அளவே. அங்கே ஸ்ட்ரீட் உண்டு, லேன் உண்டு, ஹில் உண்டு, ஆலி உண்டு. ரோடு என்று முடியும் பெயர் 1994 வரை ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு எல்லையைச் சற்று மாற்றியபோது கோஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதி உள்ளே வந்துவிட்டது. அந்தத் தெருக்கள் பெயர் பெற்ற காலத்தில் ரோடு என்ற சொல்லுக்குப் பாதை என்ற பொருளே வந்திருக்கவில்லை. பின்னால் நகரம் வெளியே விரிந்தபோது எட்ஜ்வேர் ரோடு, ஓல்ட் கென்ட் ரோடு என்று வேற்றூர் நோக்கிப் போகும் பாதைகள் அந்தப் பெயரைப் பெற்றன. வீடுகள் வரிசையாக நிற்பது ஸ்ட்ரீட், வேறிடம் போவது ரோடு. சென்னையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் மின்ட் தெருவும் இருக்க, பரங்கிமலைக்குப் போவது மவுண்ட் ரோடு, பூந்தமல்லிக்குப் போவது பூந்தமல்லி ஹை ரோடு.

அப்போதும்கூட அது முழுக்க ஒரு பொருளாகிவிடவில்லை. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் பொதுவழி என்பது மன்னரின் குடிமக்கள் கடந்து செல்லும் உரிமை. பாதை சேறாகிப் போக முடியாமல் ஆனால் பக்கத்து வயலில் இறங்கிப் போகலாம் என்பதும் அந்த உரிமையில் அடங்கும். 1285-இல் வின்செஸ்டர் சட்டம் பெருவழிகளைப் பற்றிப் பேசியபோது தரையைச் செப்பனிடச் சொல்லவில்லை. கொள்ளையர் பதுங்காதபடி இருபுறமும் 200 அடி வரை புதரை வெட்டச் சொன்னது. போகிறவர் பாதுகாப்பாகப் போக வேண்டும், அவ்வளவே கவலை.

தரையை முதன்மையாக்கியவர்களில் முன்னிற்பவர் ஜான் லௌடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1816-இல் பிரிஸ்டல் சுங்கப்பாதைகளின் மேற்பார்வையை ஏற்ற அவர், பெரிய கற்களை அடியில் பரப்பும் பழக்கத்தை விட்டார். ஆறு அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள கல் எதுவும் கூடாது என்றார். உடைத்த சிறுகல் வண்டிச் சக்கரத்தின் பாரத்தாலேயே ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும், நடுவில் சற்று உயர்த்தினால் மழைநீர் வடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. தமிழ்நாட்டில் 'மெக்காடம் ரோடு', 'தார் ரோடு' என்று சொல்கிறோமே, முன்னது அவர் பெயர். 1902-இல் ஹூலி என்ற ஆங்கிலேயர் தாரோடு கசடு கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்து 'டார்மாக்' பிறந்தது. செயலாகவும் உரிமையாகவும் இருந்த ரோடு, இந்த நூறு ஆண்டில்தான் ஒப்பந்தக்காரர் அளந்து பில் போடக்கூடிய பொருளாயிற்று.

ரயில் வந்ததும் சொல் இன்னொரு பக்கம் கிளைத்தது. பெரிய ஊரின் அருகே தண்டவாளம் போக முடியாத இடங்களில், அந்த ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில் நிலையம் கட்டி, ஊரின் பெயரோடு ரோடு என்று சேர்த்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1859-இல் திறந்த பாட்மின் ரோடு அப்படிப்பட்டது. ஊர் அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர். 1983-இல் அதை பாட்மின் பார்க்வே என்று மாற்றினார்கள். ராஜஸ்தானில் அபு மலைக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் முன்பே அபு ரோடு வந்துவிடுகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. வாலாஜாப்பேட்டை அங்கிருந்து தள்ளி இருக்கிறது.

இவற்றில் மிகத் தொலைவைச் சுமக்கும் பெயர் கொடைக்கானல் ரோடு. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே அம்மையநாயக்கனூரில் இருக்கிறது அந்த நிலையம். மலைமேல் உள்ள ஊர் சாலை வழியே சுமார் 80 கிலோமீட்டர். முதன்முறை வருகிறவர் இறங்கியதும் வெயில் முகத்தில் அடிக்கும். குளிர் எங்கே என்று தேடுகிறவரிடம், நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு போய் மலையேற வேண்டும் என்று வெளியே நிற்கும் வண்டிக்காரர் சொல்வார். மோட்டார்ப் பாதை வருமுன் மக்கள் இங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரம் போய், மட்டக்குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். பலகையில் உள்ள 'ரோடு' அந்தப் பயணம் முழுவதையும் குறிக்கிறது: ரயில் இங்கே நிற்கும், மிச்சத்தை நீ போக வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கானலை விட்டுவிட்டுக் 'கொடை ரோடு' என்று சுருக்கிக்கொண்டார்கள். ஒரு பாதையின் பெயர் ஓர் ஊரின் பெயராகிவிட்டது.

அமெரிக்கர்கள் ரயில்பாதையையே 'ரெயில்ரோடு' என்றார்கள், பிரிட்டனில் 'ரெயில்வே' நிலைத்தது. தென் மாநிலங்களின் அடிமைகள் வடக்கே தப்பிச் செல்ல உதவிய மறைமுக ஏற்பாட்டுக்கு 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' என்று பெயர். அங்கே சுரங்கமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. தப்பியவர்களை ஒளித்துவைத்த வீடுகள் 'நிலையங்கள்', வழிகாட்டியவர்கள் 'கண்டக்டர்கள்'. 1849-இல் மேரிலாந்திலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன் ஏறத்தாழ 13 முறை திரும்பிச் சென்று சுமார் 70 பேரை மீட்டு வந்தார். தரையில் ஓர் அடி நீளம்கூட இல்லாத அந்த ரோடு, அவர் காலத்தின் மிகப் பெரிய ரோடுகளில் ஒன்று.

நம் காலத்தில் சொல் மறுபடி கடலேறியிருக்கிறது. 2013-இல் சீனா அறிவித்த 'பெல்ட் அண்ட் ரோடு' திட்டத்தில் தரைவழிக்குப் பெயர் பெல்ட், ரோடு என்பது கடல்வழி. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் அந்தக் கடல்வழியில்தான் பேசப்படுகிறது.

தமிழுக்குள் வந்த ரோட்டுக்கு வாய்த்த வரவேற்பும் கவனிக்கத்தக்கது. 'லோடு', 'கிரேடு', 'போர்டு' என்று எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் தமிழில் புழங்குகின்றன. அவற்றோடு வேற்றுமை உருபு சேர்த்தால் லோடில், கிரேடில், போர்டில் என்று அப்படியே நிற்கும். ரோடு மட்டும் 'ரோட்டில்' ஆகிறது. வீடு வீட்டில் ஆகிறது, காடு காட்டில் ஆகிறது. நெடிலை அடுத்து வரும் டுகரம் உருபு ஏற்கும்போது இரட்டிக்கும் என்று நன்னூல் சொல்லும் விதியை, இலக்கணம் படிக்காத வாய் இந்த வேற்றுமொழிச் சொல்லுக்கும் கொடுத்துவிட்டது. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு இதைவிடப் பெரிய குடியுரிமை இல்லை. 'நடுரோட்டில் விட்டுவிட்டான்' என்று ஒருவர் சொல்லும்போது அங்கே ஆங்கிலம் இல்லை. கைவிடப்பட்டவரின் வேதனை முழுக்கத் தமிழ்.

சொல்லின் முதற்பொருளுக்கு மிக அருகில் இன்று வாழ்கிறவர்கள் ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள். நிலையத்துக்குள் உள்ள ஒவ்வொரு தண்டவாளமும் அவர்களுக்கு ஒரு ரோடு. புதிய பகுதிக்கு மாற்றலாகி வரும் லோகோ பைலட் உடனே வண்டி ஓட்ட முடியாது. அந்தப் பகுதியில் பழகியவர் ஓட்டும் எஞ்சினில் ஏறி, பகலிலும் இரவிலும் போய்வர வேண்டும். எந்தக் கம்பத்தில் எந்தச் சிக்னல், வளைவு தாண்டி அது எப்போது கண்ணில் படும், ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே, வேகக் கட்டுப்பாடு எங்கே, எந்த லெவல் கிராசிங்கில் ஆடுமாடு குறுக்கே வரும் என்று அத்தனையும் மனத்தில் ஏற வேண்டும். இதற்குத் துறையில் 'ரோடு லேர்னிங்' என்று பெயர். கற்றபின் அந்தப் பகுதி தனக்குத் தெரியும் என்று எழுத்தில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஓட்டாமல் இருந்துவிட்டால் கையொப்பம் செல்லாது. தண்டவாளம் அதே இடத்தில்தான் கிடக்கும். ஓட்டுநர் மறுபடியும் எஞ்சினில் ஏறிப் போய்வந்து ரோடு கற்க வேண்டும்.